பழசைக் காட்டினால்தான் புதுசு

கட்டைவிரலை ஓட்டைக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் சுடலைமுத்து. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் லொறிச் சாரதி, கறுத்த எண்ணெய் வடியும் பழைய ஒயில் ஃபில்டரைக் கொடுத்துவிட்டு, நாடி பார்க்கக் கையை நீட்டிய நோயாளியின் முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விரல் உள்ளே இருக்கும் மரையை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வெளியே வந்து மூக்குக்குப் போகிறது. "இஞ்சு மரை, முக்கால். எண்ணெ மாத்தி எட்டு மாசமாவது இருக்கும்ல?" என்கிறார். நாலு மாதம் என்று சொல்ல வாயெடுத்த சாரதி ஏழு என்று ஒப்புக்கொள்கிறார். அதற்குள் சுடலைமுத்து ஏணியின் மூன்றாம் படியில் நிற்கிறார்.

கொட்டாஞ்சேனையில் மஷூர் முதலாளியின் உதிரிப்பாகக் கடையில் பதினாறு வருஷமாக மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அவர். வயது நாற்பத்தேழு. ஒடிசலான ஆள். சட்டை எப்போதும் வெள்ளை. எண்ணெய்ச் சாமான் விற்கிறவருக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்டால், "அழுக்குப் பட்டா தெரியணும்ல" என்பார். பட்டதும் இல்லை. கறுப்பெல்லாம் அந்த வலது கட்டைவிரலோடு நின்றுவிடும். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்குமுன் மரத்தூளும் சவர்க்காரமும் போட்டு அந்த விரலைப் பத்து நிமிஷம் தேய்ப்பார். தேய்த்த பிறகும் அது கறுப்பாகத்தான் இருக்கும். நாலு விரலாலேயே சாப்பிட்டு முடிப்பார்.

கூப்பிடு தூரத்தில் பஞ்சிகாவத்தை. அங்கே தெரு முழுக்க உதிரிப்பாகக் கடைகள். விலையும் சற்று மலிவு. இருந்தும் விஷயம் தெரிந்தவர்கள் மஷூர் முதலாளியின் கடைக்குத்தான் வருவார்கள். காரணம், ஒயில் ஃபில்டர் என்பது கண்ணை ஏமாற்றுகிற சாமான். தட்டு நிறைய அடுக்கியிருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே பால்மா டின்தான். ஒரே உயரம், ஒரே நிறம். ஒன்று காருக்கு, மற்றது டிரக்டருக்கு, இன்னொன்று கிணற்றடி மோட்டாருக்கு. வித்தியாசமெல்லாம் வாய்க்குள் இருக்கிறது. ஒன்றின் மரை இஞ்சுக் கணக்கு, மற்றதின் மரை மில்லிமீட்டர் கணக்கு. மில்லிமீட்டர் டின்னை இஞ்சு மரையில் மாட்டினாலும் ஏறும், சுற்றும், உட்கார்ந்த மாதிரியும் இருக்கும். இருபது மைல் ஓடும். பிறகு ஏதாவது ஏற்றத்தில் எண்ணெய் அழுத்தம் கூடும்போது கழன்று விழும். எண்ணெய் இல்லாமல் ஓடுகிற இஞ்சின் இறுகிச் சாவதற்கு இரண்டு நிமிஷம் போதும்.

இதையெல்லாம் சுடலைமுத்து புத்தகத்தில் படிக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன் பூபாலசிங்கம் என்ற மரக்கறி லொறிக்காரருக்கு அவசரத்தில் கண்ணால் பார்த்து ஒரு ஃபில்டரைக் கொடுத்தார். நுவரெலியாவிலிருந்து கரட் ஏற்றி வந்த லொறி கடுகண்ணாவை வளைவில் நின்றுபோனது. நாலாம் நாள் பூபாலசிங்கம் கடைக்கு வந்தார். டின்னை மேசையில் வைத்தார். "நீங்க குடுத்ததுதான், பாருங்க" என்றார். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். ஏசியிருந்தால் சுடலைமுத்து இரண்டு நாளில் மறந்திருப்பார். ஏசாமல் போனதுதான் மனிதரைப் போட்டு வாட்டிவிட்டது. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இது: பழைய ஃபில்டரைக் கையில் வாங்கி, விரலை விட்டுப் பாராமல், புதியதை எடுக்க ஏணியில் கால் வைக்க மாட்டார். அமைச்சரின் சாரதி வந்தாலும் அதே கதைதான். "பழசக் காட்டுங்க, புதுசு தர்றேன்."

நாளாக ஆக இந்தப் பிடிவாதம் கடையை விட்டு வீட்டுக்கும் போய்விட்டது. ஜிந்துப்பிட்டியில் முருகன் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க நுகேகொடைக்குப் போனபோது, மகளையே கூட்டிக்கொண்டு போயும், பழைய சப்பாத்தை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர் இவர். கடைக்காரப் பெண் மகளின் காலையும் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தாளாம். அவருடைய மனைவி ஆறாயி இந்தக் கதையை அக்கம்பக்கத்தில் சொல்லும்போது கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்: "என்னயப் பொண்ணு கேட்டு வந்தப்ப எந்தப் பழசக் கொண்டாந்து காட்டுனாருன்னு கேளுங்க!" சுடலைமுத்து வெட்கப்பட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்பதில்லை, அவர்களுடைய ஃபில்டரின் அளவுதான் நிற்கும். "நாலு இஞ்சு ரப்பர்க்காரரு வந்தாரா?" என்று கேட்டால் மஷூர் முதலாளிக்கு விளங்கும், அது பாண் வேன் வைத்திருக்கும் மனிதர் என்று. பழைய ஃபில்டரை முகர்ந்து வண்டியின் சுகநலத்தை மட்டுமல்ல, வண்டிக்காரரின் குணத்தையும் சொல்வார். எண்ணெய் கரிந்து நாறினால், "இவரு வீட்டுலயும் ஒரு வேலையும் நேரத்துக்குச் செய்ய மாட்டாரு" என்று ஆள் போனதும் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இதில் பாதி சரியாக இருந்துவிடுவதுதான் தொல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு நடுப்பகுதியில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் மின்சாரம் இல்லை என்று வந்தது. நடைபாதையெங்கும் ஜெனரேட்டர்கள் முளைத்தன. புடவைக்கடைக்காரர், லொட்ஜ்காரர், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கிறவர் என்று இஞ்சினை வாழ்நாளில் தொட்டறியாதவர்களெல்லாம் சுடலைமுத்துவின் மேசைக்கு வரத் தொடங்கினார்கள். வியாபாரம் சூடு பிடித்தது. ஆனால் அந்த ஆண்டில் நகரத்தின் நெஞ்சிலேயே குண்டுகள் வெடித்திருந்தன. சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கி, நடக்கவிட்டு, பையைத் திறந்து பார்த்து, மறுபடி ஏற்றினார்கள். அந்த வழியாகத்தான் ஆட்கள் சுடலைமுத்துவின் சொல்லைக் கேட்டு, ஓட்டை ஓட்டையாக வாயுள்ள கனத்த கறுப்பு இரும்பு டின்னைப் பையில் போட்டுச் சுமந்து வந்தார்கள்.

மஷூர் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "சுடல, இந்த நாளயில இரும்புச் சாமானத் தூக்கிட்டு ரோட்டில வரச் செல்லாத. நம்பரக் கேட்டு சாமானக் குடு. வேற மாதிரி ஈந்தா மாத்திக் குடுப்பம்" என்றார். சுடலைமுத்து கணக்கில் எடுக்கவில்லை. நம்பரை யாரும் எழுதலாம், இஞ்சின் வெடித்த பிறகு எதை மாற்றிக் கொடுப்பது என்பது அவருடைய கட்சி. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஓகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுந்தரலிங்கம் வந்தான். முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் கணக்குப்பிள்ளை என்று சேர்ந்து, இப்போது ஜெனரேட்டருக்கும் அவன்தான் பொறுப்பு. அது நின்றால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. வெளிநாடு போக விசா பார்த்துக் கிடக்கும் குடும்பங்கள் வாளியோடு வாசலில் நிற்கும். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினான்.

"அண்ணை, நம்பர் வடிவா எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். இதைப் பார்த்து ஒண்டு தாங்கோவன்."

"நம்பர் வேணாம் தம்பி. பழசக் கழட்டிக் கொண்டாங்க."

"வெள்ளவத்தையிலயிருந்து வாறன், அண்ணை. வழி முழுக்க இறக்கி இறக்கி ஏத்துறாங்கள். என்ர அடையாள அட்டையில யாழ்ப்பாண விலாசம். உந்தச் சாமானையும் காவிக்கொண்டு எப்பிடி வாறது?"

"பேக்குல போட்டுக் கொண்டாந்தா யாரு பாக்கப் போறா? தப்பானதப் போட்டுட்டு இஞ்சின் போயிருச்சுன்னா எங்கிட்டதான வந்து நிப்பீங்க."

சுந்தரலிங்கம் மேலும் கெஞ்சினான். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து கேட்டான். ஜெனரேட்டரைக் கழற்ற லொட்ஜ் முதலாளி விடமாட்டார், குறைந்தது அவருக்குக் காட்ட ஒரு துண்டாவது எழுதித் தாருங்கள் என்றான். சுடலைமுத்து கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அச்சடித்த துண்டில், 'பழையதைக் கொண்டு வரவும். சுடலை' என்று எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அடுத்தவரின் டின்னுக்குள் விரலை விட்டார்.

மறுநாள் பதினொன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது. மஷூர் முதலாளி எடுத்தார். சிங்களத்தில் பேசத் தொடங்கியவர் பேசப் பேசக் கதிரையிலிருந்து எழுந்தார். மூன்று தடவை "ஒவ், மஹத்தயா", அதாவது ஆமாம் ஐயா, என்றார். வைத்துவிட்டு நேரே மேசைக்கு வந்தார்.

"சுடல, நேத்து ஒரு யாழ்ப்பாணப் பொடியனுக்குத் துண்டெழுதிக் குடுத்தியா?"

காலி வீதியில் ஒரு சாவடியில் சுந்தரலிங்கத்தைப் பிடித்துவிட்டார்கள். பைக்குள் இரும்பு டின். அதிலிருந்து எண்ணெய் கசிந்து பை முழுக்கக் கறுப்பு. என்ன சாமான் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குச் சிங்களம் தெரியாது; பயத்தில் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல்லும் வரவில்லை. அடையாள அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். சட்டைப் பையில் தமிழில் எழுதிய துண்டு. பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, துண்டில் இருந்த இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெளியாவிட்டால் ஆளைப் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

பெரிய இடம் என்றால் என்னவென்று அந்த நாளில் கொழும்பில் இருந்த தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. உள்ளே போனவன் எந்த மாதம் வெளியே வருவான் என்று தாய் கோயில் கோயிலாகப் போய்க் கேட்க வேண்டியதுதான்.

சுடலைமுத்து மேசைத் தடுப்பைத் தூக்கி வெளியே வந்தார். "நான் போறேன், மொதலாளி."

"உனக்குப் பைத்தியமா? ஒன்ட பேரும் அந்தத் துண்டில ஈக்கிது. ஒன்னயும் புடிச்சி வெச்சிட்டா? நீ இரி, நான் ஆள் புடிச்சிப் பேசிப் பாக்கியன்."

"நீங்க ஆளு புடிச்சுப் பேசுறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். அந்தத் தம்பி நேத்தே சொல்லுச்சு, பயமா இருக்குன்னு. நாந்தான் காதுல வாங்கல."

முதலாளி கடைத்தாளில் சிங்களத்தில் நாலு வரி எழுதி, இவர் என் கடையில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறவர் என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். சுடலைமுத்து இரண்டு புது ஃபில்டர்களையும் தகரம் வெட்டும் கத்தரியையும் பையில் போட்டுக்கொண்டு த்ரீவீலரில் ஏறினார். வழியெல்லாம் தான் சொன்ன அந்த வார்த்தைதான் காதில் குடைந்தது. யாரு பாக்கப் போறா. எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டோம் என்று மனிதர் தன்னைத்தானே ஏசிக்கொண்டார். பூபாலசிங்கத்தின் லொறி போனால் இன்னொரு லொறி உண்டு. இது ஆள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இந்நேரம் தண்ணீர் ஏறாமல் எல்லோரும் இவனைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பொலிஸ் நிலையம் என்ற ஒன்றுக்குள் அவர் அதுவரை கால் வைத்ததே இல்லை. ஆள்பதிவு வேலைகளையெல்லாம் ஆறாயிதான் போய் முடித்து வருவார். வாசலில் உடம்பைத் தடவி, பையைத் திறந்து, உள்ளே இருந்த புது டின்களைப் பார்த்ததும் காவலில் நின்றவர் ஒரு அடி பின்னால் போனார். சுடலைமுத்து சந்தைச் சிங்களத்தில் முதலாளியின் கடிதத்தை நீட்டிச் சமாதானம் சொன்னார். பதினாறு வருஷம் லொறிக்காரர்களோடு பேரம் பேசிப் பழகிய சிங்களம். இலக்கணம் இல்லாவிட்டாலும் ஓட்டம் உண்டு.

உள்ளே சுவரோரம் வாங்கில் சுந்தரலிங்கம் உட்கார்ந்திருந்தான். செருப்பையும் இடுப்புப் பட்டியையும் கழற்றிவிட்டார்கள். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுடலைமுத்துவைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் தோளில் கை வைத்து இருத்தினார்.

"அடிச்சாங்களா?" என்று சுடலைமுத்து மெதுவாகக் கேட்டார்.

"இல்லை, அண்ணை. வெருட்டினவங்கள். நான் சொல்லுறது ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

பொறுப்பதிகாரி தடித்த, நரைத்த மனிதர். கண் சிவந்திருந்தது, இரவெல்லாம் தூங்காதவர் போல் இருந்தார். முற்றத்தின் நடுவில் நாலு மணல் மூட்டைகளுக்கு இடையே அந்தக் கறுப்பு டின் தனியாகக் கிடந்தது. அதைச் சுற்றி இருபது அடிக்கு ஒரு ஈ காக்கை இல்லை. குண்டு பார்க்கிறவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறதாம், அவர்கள் வேறிடத்தில் வேலையாய் இருக்கிறார்களாம். அதிகாரி யன்னல் வழியாகக் கையைக் காட்டி, "மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டார்.

இது பழைய ஒயில் ஃபில்டர், மஹத்தயா, ஜெனரேட்டரில் இருந்து கழற்றியது, அவனைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னவன் நான்தான், தப்பு என்னுடையது என்று சுடலைமுத்து சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். சரி, அப்படியென்றால் நீயே போய்த் தூக்கிக்கொண்டு வா, நாங்கள் இங்கே நிற்கிறோம் என்றார்.

முற்றத்தில் இறங்கி நடந்தபோதுதான் சுடலைமுத்துவுக்கு அந்த வேடிக்கை நடந்தது. அவருக்கே அந்த டின்னைப் பார்த்துப் பயம் வந்தது. ஆயிரக்கணக்கில் ஃபில்டர் விற்ற மனிதர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மரை அளவு சொல்லுவார். இருந்தும் துப்பாக்கி வைத்திருக்கிற பதினைந்து பேர் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு சாமானைப் பார்த்துப் பயந்தால், அந்தப் பயம் தொற்றத்தான் செய்கிறது. ஒருவேளை இந்தப் பையன் உண்மையிலேயே வேறு எதையாவது கொண்டுவந்திருந்தால்? நேற்று அரைமணி நேரம் பார்த்த முகம்தானே? மணல் மூட்டைக்குப் பக்கத்தில் குந்தினார். கை நீளவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

பிறகு என்ன நினைத்தாரோ, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டைக்குள் விட்டார். விரல் ஒரு சுற்றுச் சுற்றியது. இஞ்சு மரை. முக்கால். பதினாறு புரி. நின்றுபோன மூச்சு திரும்ப வந்தது. டின்னைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். கறுத்த எண்ணெய் அரைக் கோப்பை அளவுக்கு மணலில் கொட்டியது. அவருக்கு அப்போது சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பயந்ததற்காகச் சுந்தரலிங்கத்திடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அவர் டின்னோடு திரும்பி நடக்க, சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டு அடி பின்வாங்கினார்கள். அவர் நேரே முற்றத்தோரம் நின்ற பொலிஸ் ஜீப்புக்குப் போனார். இஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். ஜீப் ஓட்டுகிற பொலிஸ் ராலஹாமி தயங்கித் தயங்கி வந்து திறந்தார். உள்ளே, இஞ்சினின் விலாவில், வெள்ளை நிறத்தில் அதே வகை டின் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து கையிலிருந்த கறுப்பு டின்னை அதன் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அதிகாரி வந்து குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் அந்த ஜீப்பில் போகிறவர்தான். இப்படியொன்று உள்ளே இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

"உள்ளே என்ன இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சுடலைமுத்து படியில் உட்கார்ந்தார். கத்தரியை எடுத்து, தேங்காய் உடைத்த பிறகு சுற்றிச் சுரண்டுகிற பொறுமையோடு, டின்னின் விளிம்பை ஒரு வட்டம் வெட்டினார். மூடி கழன்றது. கையை விட்டு உள்ளே இருந்ததை இழுத்தார். மடிப்பு மடிப்பாக மடித்த கடதாசிச் சுருள் ஒன்று எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

"கடதாசி," என்றார் அதிகாரி.

அந்தச் சொல் சிங்களத்திலும் அதுதான், தமிழிலும் அதுதான். வாங்கில் இருந்த சுந்தரலிங்கத்துக்கு அன்று காலையிலிருந்து பொலிஸ்காரர் பேச்சில் விளங்கிய முதல் வார்த்தை. "ஓம், ஓம், கடதாசி! கடதாசி!" என்று காற்சட்டையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். காற்சட்டை நழுவியது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர்தான் அதைப் பிடித்தார். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஆனால் பொறுப்பதிகாரி சிரித்த பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மணித்தியாலம் ஒரு கடதாசிச் சுருளுக்குப் பயந்து யன்னலோரம் போகாமல் இருந்தவர்களின் சிரிப்பு அது. அதில் நல்லெண்ணத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

சுடலைமுத்து சிரிக்கவில்லை. அந்தக் கடதாசி மடிப்பொன்றை விரித்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது. தலையை இடமும் வலமும் ஆட்டினார். சிரித்துக்கொண்டிருந்த அதிகாரி சட்டென்று நிறுத்திவிட்டார். சுந்தரலிங்கத்துக்கு மறுபடி உயிர் போய்விட்டது.

"என்ன, அண்ணை? என்ன கிடக்குது?"

"பொடிப்பொடியா மினுங்குது பாருங்க. பேரிங் தேயுது, தம்பி. மொதலாளிகிட்டச் சொல்லுங்க, இஞ்சின இப்பவே பிரிச்சுப் பாக்கணும்னு."

இந்த மனிதரைக் கட்டிப்பிடிப்பதா, கடிப்பதா என்று சுந்தரலிங்கத்துக்குத் தெரியவில்லை. சுடலைமுத்து சொன்னதைச் சிங்களத்தில் கேட்டு விளங்கிக்கொண்ட அதிகாரி, எழுத்து வேலைக்காரரைக் கூப்பிட்டார். லொட்ஜில் பொலிஸ் பதிவு செய்த கடதாசியைப் பார்த்தார். லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். இரண்டு பேரிடமும் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். இனி இந்த மாதிரிச் சாமான்களைச் சும்மா கொண்டு திரியாதே, கடையில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள் என்று புத்தி சொன்னார். அது சுந்தரலிங்கத்துக்குச் சொன்னதுதான். "ஹரி, மஹத்தயா" என்று தலையாட்டியவர் சுடலைமுத்து. இரண்டரை மணிக்குச் செருப்பும் இடுப்புப் பட்டியும் திரும்பக் கிடைத்தன.

வெளியே வீதியில் கண்ணைக் கூசும் வெயில். இரண்டு பேரும் எதிர்ப்பக்கக் கடையில் நின்று ஆளுக்கொரு சோடா குடித்தார்கள். சுந்தரலிங்கத்தின் போத்தல் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. "அம்மா வவுனியாவில, அண்ணை. நான் வரேல்லையெண்டா அவவுக்கு ஆர் சொல்லுறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்றான். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான்.

"எம்மேலதான் தப்பு, தம்பி," என்றார் சுடலைமுத்து. "நீங்க எழுதிக் கொண்டாந்த நம்பரு சரியான நம்பருதான். அந்தப் பழைய டின்னுலயும் அதேதான் இருக்கு, இப்பப் பாத்தேன்."

அதைச் சொல்வதற்கு அந்த மனிதர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று சுந்தரலிங்கத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பதினொரு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பையில் இருந்த இரண்டு புது ஃபில்டர்களில் ஒன்று அந்த ஜெனரேட்டருக்குப் பொருந்துவதுதான். சுடலைமுத்து அதைப் பெட்டியோடு எடுத்து நீட்டினார். சுந்தரலிங்கம் வாங்கவில்லை. அவனுடைய இரண்டு கையும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. வெள்ளவத்தைக்குப் போகிற வழியில் இன்னும் ஒரு சாவடி இருந்தது. சுடலைமுத்து பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டு ஃபில்டரை வெளியே எடுத்துக்கொண்டார். "வாங்க, நானே வந்து மாட்டித் தர்றேன்," என்றார். கடையில் சேர்ந்த நாளிலிருந்து சாமானோடு வாடிக்கையாளர் வீட்டுக்கு அவர் போனதே இல்லை.

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறிய சற்றைக்கெல்லாம் சாவடி வந்தது. எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நிற்கும்போது சுந்தரலிங்கத்தின் உடம்பு பின்னால் இழுத்தது. சுடலைமுத்து இடது கையால் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். வலது கையில் ஃபில்டரைக் கோயிலில் கற்பூரத் தட்டு ஏந்துகிற மாதிரி எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். சிப்பாய் கேட்குமுன்பே, ஜெனரேட்டருக்கு ஒயில் ஃபில்டர், தம்பி, வெள்ளவத்தைக்குப் போகிறோம் என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னார். சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் டின்னைப் பார்த்தான். சுந்தரலிங்கம் மற்றக் கையால் நீட்டிய கடிதத்தைப் பார்த்தான். இரண்டு அடையாள அட்டைகளையும் பார்த்தான். கொட்டாவி விட்டுக்கொண்டே போகச் சொன்னான்.

பஸ்ஸில் மறுபடி ஏறி, யன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தார்கள். கடற்காற்று அடித்தது. சுந்தரலிங்கம் நீளமாக ஒரு மூச்சு விட்டான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சாக இருக்க வேண்டும். இருந்தும் மணிக்கட்டிலிருந்த பிடி தளரவில்லை. "விடுங்கோ, அண்ணை. இனி ஒண்டும் இல்லை," என்றான். சுடலைமுத்துவுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் நேரே முன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொண்டக்டர் வந்து டிக்கட்டுக்குக் கையை நீட்டினார். சுடலைமுத்து வலது கையில் இருந்த ஃபில்டரைப் பார்த்தார். இடது கையில் இருந்த மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டையும் விடாமல், இருந்த வாக்கிலேயே உடம்பைத் திருப்பி, டின்னை வெட்டும்போது எண்ணெய் படிந்த, சில்லறை கிடந்த சட்டைப் பையைச் சுந்தரலிங்கத்தின் பக்கம் நீட்டினார்.